வராத பெண்ணின் காம்போஸிஷன் நோட்டு

என் அருமை ஞானம்,

நீ இருக்கும் இடத்தில் பள்ளிக்கூட மணி கேட்காது என்று நம்புகிறேன். இங்கே இரண்டாவது மணி இன்னும் அதே ஆங்காரத்தோடுதான் அடிக்கிறது. நீ போனபின் ஓர் ஐப்பசி வந்துபோய்விட்டது. இத்தனை நாளும் உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை. இன்றைக்கும் முகம் வந்துவிடவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நல்ல செய்திகள். உன் அம்மா சாந்தோமில் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நடந்தேதான் போகிறார். இந்த வருஷம் நல்ல மழை, தெப்பக்குளத்தில் தண்ணீர் பாதிப் படிக்கட்டுக்கு நிற்கிறது. நீ பாதியில் விட்டுப்போன ஐந்தாம் பாரம் இப்போது ஆறாம் பாரம். நான்தான் வகுப்பு டீச்சர். உன் மேஜையும் எனக்கே வந்தது. டிராயரில் உன் பென்சில் துண்டு கிடந்தது. அதை மார்ஜின் கோடு போட வைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அந்தப் பென்சிலால்தானே நமக்குள் பேச்சு அறுந்தது? இதை வேறு யாரும் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும், சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது மணி அடித்ததும் ரிஜிஸ்தரை மூட வேண்டும் என்பது பள்ளியின் விதி. அந்த நேரத்தில் வகுப்பில் இல்லாதவள் அன்று முழுக்க வராதவள். நீ மட்டும் குப்பத்துப் பெண்களின் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, முதல் பாடம் முடிந்ததும் அதன்மேல் மையால் ஆஜர் போடுவாய். கட்டுமரம் கரையேறி, மீனைக் கூடையில் அள்ளி, அம்மாவோடு மார்க்கெட் வரை சுமந்து இறக்கிவிட்டுத்தான் அந்தப் பெண்கள் ஓடிவர முடியும். காற்று எதிர்த்தால் கட்டுமரமே தாமதம். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் உன்னோடு சண்டை போட்டேன்.

"ஞானம், நீ பண்றது சரியில்லை. ரிஜிஸ்தர்ல பொய் எழுதிண்டிருக்கே. பெரிய டீச்சர்கிட்ட போய்ச் சொல்றாப்ல என்னை வெச்சுடாதே" என்றேன். டீச்சர்கள் அறையில், எல்லார் எதிரிலும்.

நீ பதறவில்லை. "மணி அடிக்கறப்ப வராதவ வேற, பள்ளிக்கூடத்துக்கே வராதவ வேற அக்கா" என்றாய்.

"மணின்னா மணிதான்" என்றேன் நான்.

"சரிங்க டீச்சர்" என்றாய். அன்றிலிருந்து ஜுரத்தில் படுத்த நாள்வரை என்னை நீ அக்கா என்று கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றவளைக்கூட, "உட்காருங்க டீச்சர்" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நான் வீடுவரை சுமந்துகொண்டு வந்தேன் ஞானம்.

இனி இந்த வாரத்துக் கதை. உன் குப்பத்துப் பிலோமினாவை நினைவிருக்கிறதா? கணக்கில் இன்றைக்கும் அவள்தான் வகுப்பில் முதல். இங்கிலீஷில் திண்டாடுகிறாள். வியாழக்கிழமை, பள்ளிப் படிப்பை முடிக்கும் பெரிய பரீட்சைக்கு அனுப்பும் பெண்களின் பெயர் ஜாபிதா தயாரித்தேன். கூடவே கல்வி இலாகாவுக்குப் போகும் அட்டவணையும் என் தலையில்தான் விழுந்தது: பிராமணர் எத்தனை, பிராமணரல்லாதார் எத்தனை, முகம்மதியர், இந்தியக் கிறிஸ்தவர், ஆதிதிராவிடர். நாட்களைக் கூட்டிப் பார்த்தால் பிலோமினாவுக்கு ஆஜர் போதவில்லை. அவள் பெயரை அடித்தேன்.

அட்டவணையில் ஒன்று குறைந்ததைத் தவிர வேறு எதுவும் அசையவில்லை, ஞானம். நீ ஒருமுறை சொன்னாயே, "மாதா கோயில் தெரு குமாஸ்தா பொண்ணும் குப்பத்துப் பொண்ணும் உங்க அட்டவணையில ஒரே கட்டம் அக்கா. அவ விழுந்தா இவ மறைச்சுடுவா" என்று. அன்று எனக்கு அது விளங்கவில்லை. வியாழக்கிழமை என் கையாலேயே பார்த்தேன். கிறிஸ்தவர் கட்டம் நிறைவாகத்தான் இருந்தது. கடலோரத்திலிருந்து ஒரு பெண்கூடப் பரீட்சைக்குப் போகவில்லை என்பதைச் சொல்ல அந்தக் காகிதத்தில் இடமே இல்லை.

பெரிய டீச்சருக்கோ நிம்மதி. "நல்லதாப் போச்சு விசாலம். அவ இங்கிலீஷ்ல கவுத்துடுவா. இந்த வருஷமாவது போறவங்க அத்தனை பேரும் பாஸ்னு பேர் வாங்கணும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். என் வகுப்பு, என் பேர் என்று எனக்கும் உள்ளூர ஆசைதான். உன்னிடம் மறைத்து என்ன?

வெள்ளிக்கிழமை பிலோமினாவின் அம்மா அந்தோணியம்மா வந்தாள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். மகள் அவள் பின்னால்.

"இன்னா டீச்சரம்மா, எம்பொண்ணு வரலன்னு சொல்லிக்கினு கீறீங்களாமே? தெனம் இங்கதான வந்துகினு கீது?"

"நேரத்துக்கு வரலைம்மா. புஸ்தகத்துல ஆஜர் இல்லை" என்றேன்.

"அப்போ வராத பொண்ணுக்கு எப்டிம்மா பாடம் சொல்லிக் குடுத்தீங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் இல்லாதபோது எனக்கு முதலில் வருவது அதுதான் என்பது உனக்குத் தெரியுமே. விதி, இலாகா என்று ஏதோ பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "இந்த வருசம் பரீட்ச எய்தலன்னா கட்டிக் குட்த்துடுவோம்மா. மாப்ள ஊட்ல கேட்டுக்கினே கீறாங்க. டீச்சர் வேலைக்குப் படிக்கணும்னு இது அய்துகினு கீது, அதான் வந்தேன்" என்றாள்.

பிலோமினா ஒன்றுதான் சொன்னாள். "ஒரு நாள்கூட நான் லீவு போடல டீச்சர்."

இன்று ஞாயிறு. மத்தியானம் சாப்பாடானதும் மந்தைவெளியில் அண்ணா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தமிழ்க் காம்போஸிஷன் நோட்டுகளுக்கு மார்க் கூட்டிக்கொண்டிருந்தேன். பிலோமினாவின் நோட்டு கைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தலையில் தேதி, அடியில் சிவப்பு மையில் என் கையெழுத்து. வகுப்பிலேயே எழுதச் சொல்லி, அன்றைக்கே திருத்திக் கொடுப்பது என் வழக்கம் அல்லவா? ஜாபிதாவுக்காகக் கொண்டுவந்திருந்த ரிஜிஸ்தரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை, ரிஜிஸ்தரில் அவள் வரவில்லை. நோட்டில் அதே தேதியில், "மார்ஜின் விட்டு எழுது" என்று நான் அதட்டியிருக்கிறேன். புரட்டாசியில் ஒரு நாள் வரவில்லை. அன்று "கடலில் புயல்" என்று கட்டுரை; வகுப்பிலேயே நல்ல கட்டுரை என்று நானே எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். இப்படிப் பக்கம் பக்கமாக, இல்லாத பெண்ணை நான் திட்டியிருக்கிறேன், திருத்தியிருக்கிறேன், மெச்சியிருக்கிறேன். இரண்டு புத்தகத்திலும் ஒரே கையெழுத்து. என்னுடையது.

பொய் எழுதியது யார் ஞானம்? நீயா, நானா?

வெகுநேரம் அழுதேன். அண்ணா வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். "உனக்கென்ன பைத்தியமா? இதைக் கொண்டுபோய்க் காட்டினா உன் வேலைதான் போகும். பேசாம இருந்துடு" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். தாலி இழந்து அண்ணா நிழலில் இருப்பவளுக்கு இந்த உத்தியோகம் ஒன்றுதான் நிமிர்ந்து நிற்க இருக்கிற இடம். பயமாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பென்சிலைத்தான் சீவிக்கொண்டிருப்பாயோ?

பெரிய டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். இந்த மாணவி இன்னின்ன தேதிகளில் என் வகுப்பில் இருந்தாள், வரவில்லை என்று நான் பதிந்தது தவறு, ஆதாரம் இத்துடன் உள்ள நோட்டு என்று ஒவ்வொரு தேதியாக எழுதி, மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாளைக் காலை ஜாபிதா போவதற்குமுன் அதை அவர் மேஜையில் வைப்பேன். அவர் மறுத்தால் டிராம் ஏறி இலாகா இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளிடம் போவேன். அந்த அம்மாள் என்ன முடிவு செய்வாரோ, எனக்குத் தெரியாது. பிலோமினா இங்கிலீஷில் தேறுவாளா என்பதும் தெரியாது. அவள் பெயர் ஜாபிதாவில் சேர்ந்தால் சாயங்காலந்தோறும் அவளை உட்கார்த்திவைத்து நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன். என் வேலை போனாலும் சொல்லிக்கொடுப்பேன். இது உன்மேல் ஆணை.

நாளைக்கும் காற்று எதிர்த்துத்தான் அடிக்கும் போலிருக்கிறது. இரண்டாவது மணி அடிக்கும்போது அவள் இருக்கமாட்டாள். உன் பென்சிலைச் சீவி ரிஜிஸ்தருக்குள் வைத்திருக்கிறேன்.

நீ டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டுப் போன,
உன் அக்கா
விசாலம்