விராலிமலைத் தேருக்கு யார் வண்டி ஓட்டுறது

அன்புள்ள நிலவழகனுக்கு அம்மாவோட ஆசீர்வாதம். இங்க திருக்கோகர்ணத்துல பிரகதாம்பாள் புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் நடமாட்டமா இருக்கோம், தைப் பனிக்கு எனக்குக் காலையில நாலு தும்மல், அவ்வளவுதான். நீ கத்தார்ல வேளைக்குத் தின்னு தூங்கி நல்லாருக்கணும்னு வேண்டிக்கிட்டு எழுதுறேன். தினம் போன்ல பேசுறோமே என்னத்துக்கு லெட்டர்னு நெனைப்பே. போன்ல பேசினா ஒங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துக்குறாங்க, சில சங்கதி அவுங்களை வச்சுக்கிட்டுச் சொல்ல முடியாது. நம்ம தெரு பெலிக்ஸ் தம்பி லீவு முடிஞ்சு வியாழக்கிழமை அங்க கெளம்புது, முறுக்கு டப்பாவோட இதையும் கொடுத்து விடுறேன்.

இந்த வருசம் தைப்பூசம் ஞாயித்துக்கிழமையில வருது, எல்லாருக்கும் லீவு, அதனால விராலிமலைத் தேருக்குக் குடும்பத்தோட போறதுன்னு பொங்கலன்னைக்கே முடிவாச்சு. நாங்க ரெண்டு பேரு, அன்புமொழி அக்கா, செம்மல் மாப்பிள்ளை, போற வழியில இலுப்பூர்ல ஒங்க ஆத்மநாதன் மாமாவை ஏத்திக்கணும். அக்கா போன ஆவணியில வாங்கின பழைய காரு இருக்கு, அஞ்சு பேருக்குச் சரியா இருக்கும். எல்லாம் சரி, யாரு ஓட்டுறதுங்கிறதுலதான் வந்துச்சு வெனை. மாப்பிள்ளைக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கும். அக்கா நான் ஓட்டுறேன்னா, ஒங்கப்பா நான்தான் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. இருபத்தொம்பது வருசம் கவர்மெண்டு பஸ் ஓட்டினவன், நேத்து லைசென்ஸ் எடுத்த பிள்ளை பக்கத்துல உக்காந்து போறதான்னு கேட்டாங்க. சரி வேன் வச்சுக்குவோம்னு மாப்பிள்ளை சொன்னதுக்கு, முன்னப்பின்ன தெரியாத டிரைவரை நம்பி மாமாவை எப்புடி ஏத்துறதுன்னு அதுக்கும் ஒரு நொட்டை.

ஒனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்றேன், பதறாதே. ஐப்பசியில கண்ணாஸ்பத்திரிக்குப் போனோமே, சுகர் எடது கண்ணைப் பாதிச்சிருச்சு, இனிமே வண்டியே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வெளிய வந்ததும் ஒங்கப்பா அக்காகிட்ட, ராத்திரியில மட்டும் ஓட்ட வேண்டாமாம்னு சொல்லிட்டாங்க. நான் வாயைத் தொறக்கலை. தப்புதான், ஆனா அந்த நேரத்துல அவுங்க மொகத்தைப் பார்த்து எனக்கு மனசு வரலை.

போன ஞாயித்துக்கிழமை அக்கா வந்து, திருமயம் வரைக்கும் நான் ஓட்டுறேன் வாங்கப்பா, ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா தேருக்கு எல்லாரும் பஸ்லயே போவோம்னு சொன்னா. மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கிட்டுப் பின் சீட்டுல ஏறினாங்க. ஏறினதுலேருந்து கெழவனுக்கு வாய் மூடலை, கியரை மாத்து, ஆரனை அடி, இங்கிட்டு ஒதுங்குன்னு ஒரே அதிகாரம், வலது கால் வேற என் சீட்டுக்குப் பின்னாடி பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருது. நமணசமுத்திரம் தாண்டினதும் அக்கா மெதுவா நிப்பாட்டினா. ரோடு காலியாத்தானே கெடக்கு எதுக்கு நிப்பாட்டுறே, போன்னு சத்தம் போட்டாங்க. எடது பக்கத்துலேருந்து ஒரு ஆட்டு மந்தை ரோட்டுல எறங்கி எங்க முன்னாடியே வரிசையாக் கடந்து போச்சு. கடைசி ஆடும் போச்சு. அப்புறம் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, ஆடு எப்ப வந்துச்சு காத்தாயின்னு கேட்டாங்க. ரொம்ப நேரமா ஓரத்துலதாங்க நின்னுச்சுன்னேன்.

திருமயத்துல கோட்டை ஏறலை. கீழ டீ குடிக்கும்போது அவுங்களா அக்காகிட்ட, டாக்டர் ராத்திரிக்கு மட்டும் சொல்லலைம்மா, எப்பவுமே கூடாதுன்னுதான் சொன்னாருன்னாங்க. அக்கா, தெரியும்ப்பா, அம்மா மூணு மாசமா என் கண்ணைப் பார்த்துப் பேசலையேன்னு சொல்லிட்டு அவுங்க டம்ளரையும் வாங்கிக் கொண்டுபோய் வச்சா. திரும்பும்போது ஒங்கப்பா முன் சீட்டுல உக்காந்தாங்க. நான் பின்னாடி போயிட்டேன்.

அதுலேருந்து வீட்டுல தேர் வேலைதான். விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கெளம்பணுமாம், அன்னவாசல் வழியாப் போகணுமாம், போலீஸு ரோட்டை மறிக்கிறதுக்குள்ள மலைக்கு எந்தப் பக்கம் வண்டியை விடணும்னு காலண்டர் தாளுக்குப் பின்னாடி படமே போட்டு வச்சிருக்காங்க. எனக்குப் புளிசாதம், தயிர்சாதம், பருப்புத் தொவையல். மாப்பிள்ளைக்குத் தண்ணிக் கேனைத் தூக்குற வேலை, அவரு சந்தோசமா ஒத்துக்கிட்டாரு. மலையில மயிலு வந்து சோத்துப் பையைக் கொத்தாமப் பார்த்துக்கணும்னு அதுக்கும் அவரைத்தான் போட்டிருக்கு. நேத்து மாமா போன் பண்ணி, யாரு வண்டி ஓட்டுறாங்கன்னு கேட்டாரு. நான் அடுப்படியில காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். எம்மக ஓட்டுறா மச்சான், என்னைய விட நிதானமா ஓட்டுறா, பயப்படாம ஏறுங்கன்னு ஒங்கப்பா சொன்னாங்க.

நீ இதையெல்லாம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, கண்ணு எப்புடி இருக்குன்னு பொதுவாக் கேளு, அவுங்களே சொல்லுவாங்க. நீயும் வேலை வேலைன்னு கெடக்காம வருசத்துக்கு ஒருவாட்டி ஒடம்பைக் காட்டிக்க. முருகன் ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான், நல்லாரு சாமி. தேரன்னைக்குப் போன் பண்ணினா அக்காவுக்குப் பண்ணாதே, வண்டியில இருக்கும்போது எடுக்க மாட்டா. அப்பாவுக்குப் பண்ணு. இப்ப அவுங்க கை சும்மாதான் இருக்கு.

இப்படிக்கு,
ஒன் அம்மா காத்தாயி