ஆளைப் பார்த்தே சொல்லிவிடுகிற அப்பா

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், உன் உடம்பும் மனசும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியவனே நான்தான் என்பது போல. அக்காவின் சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, நான் சரிசெய்கிறேன் பேர்வழி என்று போய் இன்னும் கொஞ்சம் ஒழுக வைத்துவிட்டேன்.

போன வாரம் நீ போனில் சொன்னதற்கு அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, சரிப்பா, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. மூன்று வருஷமாக நீ வீட்டுப் பக்கமே வராததற்கு என்னென்னவோ நினைத்துப் பயந்து கிடந்தோம், ஏதோ வியாதி, ஏதோ வழக்கு, இல்லையென்றால் என்மேல் ஆறாத கோபம். "எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்ப்பா, கல்யாணப் பேச்சை விட்டுடுங்க" என்று நீ சொன்னதும், அப்பாடா, இவ்வளவுதானா என்று எனக்கு மூச்சே வந்தது. அம்மா அன்றைக்கு அழுதாள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மறுநாளும் அழுதாள், ஆனால் அது, "இத்தனை வருஷம் தனியா மென்னு முழுங்கிக்கிட்டு இருந்திருக்கானே" என்று. இப்போது தெளிந்துவிட்டாள்.

கடைசியில் நீ சொன்ன ஒன்றுதான் எனக்குள் தைத்துவிட்டது. "உங்க கடையில இருக்குறவரைப் பத்தி வீட்டுல கிண்டலடிக்கும்போதெல்லாம், நான் அந்த மாதிரி இல்லையே, அப்ப நான் யாருதான்னு குழம்பிப்போவேன்ப்பா" என்றாய். மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் நின்றவன் நான். வாசலில் ஆள் நுழைகிற விதத்தை வைத்தே கிட்டத்தில் தெரியாதவரா, தூரத்தில் தெரியாதவரா, பவர் எவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் சோதனை நாற்காலியில் உட்கார வைப்பேன். அந்தத் திமிர் எனக்கு. நீ சொன்னாயே, லென்ஸ் தேய்க்கிற அவர், வேலைக்குச் சேர்ந்த அன்றே, மடிப்புக் கலையாத சட்டை, அதற்குப் பொருத்தமாகக் கைக்குட்டை, மெல்லிய பேச்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நகாசு என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான், இவன் ஆண்களை விரும்புகிறவன் என்று முடிவு கட்டியதும் நான்தான். நீயோ லாரிக்கு அடியில் படுத்து பிரேக் சரிசெய்கிறவன், தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். உன்மேல் எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட வந்ததில்லை.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னை நன்றாகத் திட்டு. நீ சொன்ன மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் நகாசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தம்பி, என் பையனும் உன்ன மாதிரிதான், நீதான் எனக்குப் புரிய வைக்கணும்" என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசோடு பேசுவதாக எனக்கு நினைப்பு. அவர் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். "சார், நான் அப்படி இல்லையே" என்றார். பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லோரும் இப்படியேதான் சொல்கிறார்களாம், விரும்பிய பெண்கூட இதை நம்பி விலகிப்போய்விட்டாளாம். "அப்படி இருந்தா அது ஒண்ணும் கேவலம் இல்ல சார். ஆனா சட்டையைத் தேய்ச்சுப் போட்டாலே அதுன்னு நினைச்சா, உங்க பையன் எப்படி உங்க கண்ணுல படுவான்?" என்று கேட்டார். அதோடு விட்டாரா, "இதை என்கிட்ட சொல்றது அவனுக்குத் தெரியுமா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னுடைய விஷயம், நீ சொல்ல வேண்டியது, நான் போய் உளறிவிட்டேன். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், அதை நம்பு. ஆனால் உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்பு, என்னை மன்னித்துவிடு.

இரண்டு நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வரும்போது, "சார், இவருக்கு என்ன பவர்?" என்று என் காதில் கேட்டார். தெரியாதுப்பா, உட்கார வைத்துப் பார்ப்போம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார். எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. பட்டப்பெயரையும் விட்டுவிட்டேன், இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

மீதிப் பாரம் உன் பதிலில் இருக்கிறது. லாரிக்கு அடியில் போகும்போது கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள், சோம்பல்படாதே. நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, குறையில்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

நீ அனுப்பிய படத்தில் உன்னோடு நிற்கிற நான்கு பேரில், அம்மா நேற்றிலிருந்து ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்து, இவனா இருக்குமோ, இவனா இருக்குமோ என்கிறாள். நான் படத்தைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாரையும் பார்த்துச் சொல்லப்போவதில்லை. அதனால் உன்னையே கேட்கிறேன். உனக்கென்று யாராவது இருக்கிறாராப்பா? இருந்தால் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா