பச்சை விழாத சந்தி

இல்லை அம்மா, சிவப்பில போறேல்லை. உங்களுக்குச் சொன்னபடி நிக்கிறன். இப்பவும் தோர்ண்டன் ஹீத் சந்தியில சைக்கிளோட நிண்டுதான் போனில இதை எழுதிறன். அப்பாவின்ர முழங்கால் நோ எப்பிடி?

இந்தச் சந்தி லைற், கார் வந்தால்தான் பச்சையாகும். சைக்கிள் நிக்கிறது அதுக்குத் தெரியாது. "சைக்கிளை ரோட்டில படுக்க வையடா, லைற் கண்டுபிடிக்கும்" எண்டார் கடை முதலாளி கிருஷாந்த் அண்ணை. மழைக்குள்ளை படுக்க வைச்சும் பாத்தன், ஒண்டும் நடக்கேல்லை. கடையால வீடுகளுக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேண்டிய கொத்துரொட்டி ஆறிப்போச்சு. இனியும் பிந்தினால் வேலையால நிப்பாட்டுவாராம். யூனிப் படிப்பை இடையில விட்டவனுக்கு வேற ஆர் வேலை தருவினம்?

படுக்க முன்னம் ஒருக்கா கோல் எடுங்கோ. இதில நிக்கேக்க கதைக்கலாம். என்ன சமைச்சனீங்கள் எண்டு சொன்னாலே காணும்.

பின்னால கார் ஒண்டு வருது. போறன்.