மைக் இல்லாமல் கூப்பிட்ட பெயர்கள்

பாஸ்ரா, ஈராக்,
வெள்ளிக்கிழமை

என் கண்ணே மர்சூக், படைத்தவன் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் சுகம், கரன்ட்டுக்குத்தான் சுகமில்லை, வருவதும் போவதுமாக இருக்கிறது. மால்மோவின் குளிரில் நீயும் மருமகளும் காதை மூடிக்கொண்டு நடக்கிறீர்களா? நகர விழா மேடைக்குப் போகாதே, நம் மேளம் மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும், நாம் வேண்டாம் என்று போனில் சொன்னாயே, ஆனாலும் போனேன். கடைவீதியில் இன்னும் நம் நிறத்தைப் பார்த்து 'அடிமை' என்று கூப்பிடுகிறவன் இருக்கிறான், நமக்குப் பெயர் உண்டு என்று அவன் காதில் விழ வேண்டாமா?

பலகையில் 'பழங்கலைக் குழு' என்று மொட்டையாக எழுதியிருந்தார்கள், சுபைர் ஊர்க் கறுப்பர்கள் என்று ஒரு சொல் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மாமா ஜவ்ஹர் மேடைக்குப் பின்னால் தீ மூட்டி மேளத்தோல் விறைக்கக் காய்ச்ச, தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான் ஒரு காவலாளி, சிரித்து மாளவில்லை. இறந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நம் வீட்டில் தோலில் கை வைப்பதில்லை, உனக்குத் தெரியும். விழாக்காரப் பையனோ, "பேரெல்லாம் எதுக்கு மர்சூக்கும்மா, நேரா அடிங்க, டிவியில ஓடுது" என்றான். "அப்போ நீயே அடிச்சுக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

உப்பளத்தில் முதுகு வெடித்த ஃபராஜைக் கூப்பிட்டேன், பாதி ஊருக்குப் பிரசவம் பார்த்த சஅதாவைக் கூப்பிட்டேன், முபாரக் வாத்தியாரைக் கூப்பிட்டேன், இந்த ஊர்க் கல்யாணங்களையெல்லாம் ஆட வைத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "அக்கா, தோல் ஆறுது, சீக்கிரம்" என்று ஜவ்ஹர் முணுமுணுத்தான். ஆறட்டும் என்றேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சஅதூன் என்று உன் வாப்பா பெயரை எடுத்தேனோ இல்லையோ, மைக்கை அணைத்துவிட்டார்கள். பாவிகள்! அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்ற நம் சனம் "சஅதூன்!" என்று திருப்பிக் கத்தியது. அப்புறம் அவரவர் வீட்டுப் பெயர்கள் கிளம்பின, நிற்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு வெள்ளைத்தாடிக்காரர் எழுந்து, சஅதாதான் தன்னை உலகத்துக்கு எடுத்துவிட்டவள் என்று அவள் பெயரைச் சொல்லி அழுதார், அவர் நம்மவர்கூட இல்லை. கடைசியில் மேளம் அடித்தபோது தோல் தொளதொளத்துச் சத்தமே வரவில்லை, ஜனங்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள்.

அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்களாம். கூப்பிடாவிட்டாலும் போவேன், பலகையில் நம் பெயரை எழுதும்வரை போவேன். ஜவ்ஹர் கொடுத்தனுப்பும் பேரீச்சம்பழத்தை ஒரே நாளில் தீர்க்காதே, மருமகளுக்கும் கொடு. நான் மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன், இப்போதைக்குச் சாகிற உத்தேசம் இல்லை. ஆனால் நாள் வந்தால் மேளத்துக்கு முன்னால் என் பெயரைக் கூப்பிட வேண்டியவன் நீ. அந்த ஊரில் மெதுவாகப் பேசிப் பேசி உன் குரல் சிறுத்துவிட்டது, போனில் கவனித்தேன். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், தொண்டையை இப்போதே பழக்கி வை.

உன் தலைமேல் என் இரண்டு கையும் இருக்கிறது, நீடூழி வாழ்.

உன்னைப் பெற்றவள்,
சஅதூன் மனைவி கனீமா