‘நுரை’யை வரைந்தவர்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ கலைந்த நேரம்.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் நம் மகள் நுஸ்ஹாவும் சுகம். நீங்களும் அங்கே அப்படியே இருக்கத் துஆச் செய்கிறேன். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன். அதனால் நாளை கத்தாருக்கு வரும் ஜவுபர் நானாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நான் வரைந்த ‘நுரை’ எழுத்துருவைக் கொழும்புக் கம்பனி வாங்க ஒத்துக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. உலை கொதிக்கும்போது ஆவிக்குள் ஒவ்வோர் எழுத்தாய் எழும்பி வருகிறது. சோறு இரண்டு தரம் குழைந்தது. உம்மாக்கு என்னவோ பிடிச்சிட்டு என்கிறாள் நுஸ்ஹா. ‘ழ’ மூன்று மாதம் எனக்கு அடங்கவே இல்லை, தெரியுமா? ஒருநாள் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நின்றேன். அலை திரும்பிப் போகும்போது மணலில் ஈரமாய் ஒரு கோடு விட்டுப் போனது. ஓடிவந்து அதையே ‘ழ’வின் வாலாக வைத்தேன்.

நேற்று பக்கத்து வீட்டு றிப்னா ராத்தா பேஸ்புக்கில் ஒரு படம் காட்டினா. தோஹாவில் நம் ஊர்ச் சங்கம் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறது. பின்னால் பேனரில், ‘நுரை தந்த கலைஞர் ஸிராஜ்’ என்று என் எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள். நீங்கள் வடிவாய்த்தான் சிரிக்கிறீர்கள். எனக்கு நெஞ்சு வலித்தது மச்சான்.

பிழை என்னிலும் இருக்கிறது. நீங்கள் ஊரில் இருந்தபோது நான் தாளில் வரைவேன், நீங்கள் அதைத் தோணிகளில் பெயராய்த் தீட்டுவீர்கள். ஒலுவில் துறைமுகம் வரைக்கும் அது ஸிராஜின் எழுத்து என்றே பெயர். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ‘நுரை’யைக் கம்பனிக்கு உங்கள் ஈமெயிலில் இருந்து அனுப்பியதும் நான்தான். ஆனால் இது நீங்கள் போன பிறகு மூன்று வருடம் நான் தனியே இருந்து வரைந்தது. உங்களுக்குத் தெரியாததா?

கம்பனியின் ஒப்பந்தத் தாளை, நிரப்பு என்று மட்டும் சொல்லி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாம் நிரப்பிவிட்டேன். ‘வரைந்தவர்’ என்ற இடம் மட்டும் மிச்சம். பஸ்மிலா என்று நானே எழுதிவிடலாம், யார் தடுக்கப்போகிறார்? பிறகு அந்தச் சங்கத்து ஆட்களின் முகத்தில் நீங்கள் எப்படி முழிப்பீர்கள் என்று நினைத்தால் கை நின்றுவிடுகிறது.

பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஏசிக் குளிருக்கு உதவும். இது என் பெண்சாதி வரைந்தது என்று அவர்களிடம் ஒரு தரம் உங்கள் வாயால் சொல்லுங்கள். வியாழன் வரை பொறுத்திருப்பேன். அதற்குப் பிறகு எப்படியும் என் பெயரை எழுதிவிடுவேன்.

அல்லாஹ் உங்கள் நாவை இலேசாக்கி வைப்பானாக.

என்றும் உங்கள்,
பஸ்மிலா