பொருந்தவில்லை என்று சொன்ன கிழமை

ஜூன் 4, செவ்வாய்

விடியவே மழை. கண்டிக்கு வந்து ஐந்து மாதம், உடுப்பு ஒழுங்காகக் காய்ந்த நாள் குறைவு. துவாயில் பூஞ்சண நாற்றம்.

டயலிசிஸ் யூனிற்றில் பன்னிரண்டு பேர். லெட்சுமி அக்கா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கொழுந்து பறித்தவர், வயது நாற்பத்திரண்டு. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒரு வருடம். கால் வீக்கம். எடை மூன்று கிலோ கூடுதல்.

"தண்ணி கூடக் குடிச்சனீங்களோ அக்கா?"

"ஓம்." என் வடக்குத் தமிழ் மாதிரியே இழுத்துச் சொல்லிவிட்டுச் சிரிப்பு. இந்த ஊரில் என்னோடு பகிடி விடும் ஒரே ஆள்.

அவரின் தங்கை பவானி சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறாள். முடிவுகள் வந்துவிட்டன. இரத்த வகை, திசு, எல்லாம் பொருத்தம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

செய்ய: பவானியுடன் தனியே கதைப்பது (வியாழன்). பரீட்சைக் குறிப்பு. குடை. அம்மாவுக்கு போன்.

ஜூன் 6, வியாழன்

குடை வாங்கவில்லை. நனைந்தேன்.

கொடுப்பவரைத் தனியே சந்திக்க வேண்டும் என்பது விதி. யூனிற்றில் தமிழ் தெரிந்த டொக்டர் நான் மட்டும். கதவைச் சாத்தினேன். பவானிக்கு முப்பத்தொரு வயது, கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வேலை.

"எல்லாம் பொருந்திருச்சா?"

"ஓம்."

அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன். மடைச்சி நான்.

"பயமா இருக்கு டொக்டரம்மா. ரெண்டும் சின்னப் புள்ளைங்க. எனக்கு ஏதும் ஆச்சுன்னா யாரு பாப்பா?"

ஆபத்து குறைவு என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தலை இல்லை இல்லை என்றே ஆடியது.

"ஆராவது கட்டாயப்படுத்தினவையோ?"

"இல்லங்க. அக்கா வாயத் தொறந்து கேக்கவே இல்ல. நான்தான் எல்லாரு முன்னாலயும் தர்றேன்னுட்டேன். இப்ப எப்படி மாத்திப் பேசுறது? அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

பெரிய டொக்டரிடம் போனேன். அவர் கோப்பிலிருந்து நிமிரவில்லை. மனம் மாற அவளுக்கு உரிமை உண்டு, காரணம் ஒருவருக்கும் போகக்கூடாது, மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். சரிதான். புத்தகத்திலும் அப்படித்தான். சொல்லப்போவது யார் என்று புத்தகத்தில் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

சொன்னேன். மெஷின் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில்.

"தங்கச்சியின்ர கிட்னி உங்களுக்குச் சரிவராது அக்கா."

"ஏன், அவளுக்கு ஏதும் நோயா?" அதுதான் முதல் கேள்வி.

"இல்லை. அவ நல்ல சுகம்."

குழாயில் ஓடும் இரத்தத்தையே பார்த்தபடி சொன்னார்:

"போகுது விடுங்க. அவ மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே செத்திருப்பேன். தர்றேன்னு வந்தாளே, அது போதும்."

பார்க்கத் தேவையில்லாத அழுத்த மீற்றரைப் பார்த்தேன். இரண்டு தரம்.

மதியம் கன்ரீனில் தனியே. பருப்பு, பொல் சம்பல். பாதி வைத்துவிட்டேன். மற்ற டொக்டர்மார் ஒரு மேசையில், சிங்களத்தில் பெரிய சிரிப்பு. வரச்சொல்லிக் கை காட்டினார்கள். போகவில்லை. போயிருந்தாலும் இதைச் சொல்ல முடியாது.

அம்மா போனில்: "என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரி?"

"தடிமன் அம்மா. மழையில நனைஞ்சிட்டன்."

ஜூன் 11, செவ்வாய்

வெயில். துவாய் காய்ந்தது.

மூளைச்சாவு அடைந்தோரின் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் லெட்சுமி அக்காவின் பெயரைப் பதிந்தேன். எவ்வளவு காலம் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை.

இன்று பவானியும் கூட வந்திருந்தாள். கடையில் லீவு சொல்லிவிட்டு. கட்டிலுக்குப் பின்னால் நின்று அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாருங்க டொக்டரம்மா," என்றார் அக்கா. "பொருந்தலன்னு சொன்னதுல இருந்து இவ அழுதுகிட்டே இருக்கா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்களே சொல்லுங்க, இது இவ குத்தமா?"

பவானியின் கை நின்றது.

"இல்லை அக்கா," என்றேன். "அவவில ஒரு பிழையும் இல்லை."

அவள் மறுபடி பின்னத் தொடங்கும்வரை நின்றேன். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.