பெயர் சொல்லாத பாட்டு

திங்கள், நவம்பர் 10

காலையில் மழை, பிறகு ஈரப்பனி. ஹொல்ம்லியா ஸ்டேசனில் ரயில் தாமதம். வாங்க வேண்டியவை: ப.வுக்குக் கம்பளிக் காலுறை, வாழைப்பழம், எனக்குப் பிரஷர் மாத்திரை. மகள் மதுராவின் புது இசைத்தொகுப்பு வெள்ளிக்கிழமை வெளியீடு. என்ன உடுப்பது?

மனைவி பவானி (இந்தக் கொப்பியில் ப.) இன்னும் மறுவாழ்வு நிலையத்தில். பாரிசவாதம் வந்ததிலிருந்து வலக்கை அசைவதில்லை. பேச்சும் அநேகமாக இல்லை. "ஓம்", "இல்லை". அதுவும் சிலவேளை மாறி.

இன்று பேச்சுப் பயிற்சி. பயிற்சி தரும் இங்க்ரிட் படம் படமாகக் காட்டினாள். கோப்பை: "கோ..." சரி. மகளின் படம்: "மது." பிறகு என் படம். இவர் யார், பெயர் என்ன? இங்க்ரிட்டின் கேள்வியைத் தமிழில் கேட்டது நானே. ப. யன்னலைப் பார்த்தாள். திரும்பவும் கேட்டோம். யன்னல்.

வெளியே வந்து இங்க்ரிட் மெல்லச் சொன்னாள்: "கணவரை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்."

"நன்றி" என்றேன். நன்றியாம்!

ப. என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. கலியாணம் கட்டின நாள்முதல் "இஞ்சாருங்கோ" மட்டும். ஊராருக்கு "இவர்". இதை இங்க்ரிட்டிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

செவ்வாய்

குறொன்லாண்டுத் தமிழ்க் கடையில் மரக்கறி. கடைக்காரர் எல்லாருக்கும் கேட்க: "மாஸ்டர், உங்கட பெட்டை அந்த அமெரிக்கக் குதிரைக்காரற்ற பாட்டெல்லோ படிக்கிறாவாம்? தொப்பியும் போடுவாவோ?"

"தொப்பி இல்லை."

"காதல் பாட்டாமே. ஆர் பொடியன்?"

சிரிப்பு. முருங்கைக்காயை மறந்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் மதுரா வந்து அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். நோர்வேஜிய மொழி, கிட்டார், ஒரு வயலின் இழுவை. பாட்டில் ஒரு பெண். கணவன் பெயரை அவள் வாயால் சொல்வதேயில்லை. "இஞ்சாருங்கோ" என்பாள். எந்த அறையில் இருந்தாலும் அவன் எழும்பி வருவான். "இஞ்சாருங்கோ" மட்டும் தமிழில்.

"இது ஆரைப் பற்றி, பிள்ளை?"

"அப்பா! உண்மையா விளங்கேல்லையே? அம்மாவும் நீங்களும்தான்."

காது சூடாகிவிட்டது. "சனம் கேக்குமெல்லே."

"கேக்கத்தானே பாட்டு."

இங்க்ரிட் சொன்னதைச் சொன்னேன். மதுராவுக்குக் கோபம். "அம்மா பேர் சொல்லமாட்டா எண்டு அவவுக்கு நீங்கள் சொல்லேல்லையே? ஏனப்பா?"

"நாளைக்குச் சொல்லுறன்."

மதுராவுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இங்க்ரிட்டிடம் சொன்னால் வேறு விதமாகச் சோதிப்பார்கள். அதிலும் ப. என்னைக் காட்டாவிட்டால்? இப்போதைக்கு ஒரு சாட்டு இருக்கிறது, வழக்கம் என்ற சாட்டு. அதுவும் போய்விட்டால் என் கையில் ஒன்றுமில்லை.

புதன்

வெயில். நல்ல குளிர். பல் நோவு.

சொல்லவில்லை.

வியாழன்

சொன்னேன். இங்க்ரிட் தலையில் கைவைத்தாள். "இத்தனை வருடமும் ஒருமுறைகூடவா? ஐயோ, நான் தவறாகக் கேட்டுவிட்டேனே." நல்ல பிள்ளை.

நான் பயந்ததுபோலவே உடனே வேறு சோதனை. மேசையில் நான்கு ஆண்களின் படங்கள், ஒன்று நான். "உங்கள் கணவரைத் தொட்டுக் காட்டுங்கள்."

ப. நெடுநேரம் பார்த்தாள். பிறகு இடக்கையால் நான்கையும் நிலத்தில் தள்ளிவிட்டாள்.

"களைப்பாக இருக்கலாம்" என்றாள் இங்க்ரிட்.

இருக்கலாம். குனிந்து பொறுக்கினேன். வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்றேன். ப. திரும்பவில்லை. அந்நிய மனிதர் ஒருவர் விடைபெற்றால் அப்படித்தான் இருப்பாள்.

நாளை மாலை மதுராவின் வெளியீட்டுக்கு அவளைக் கூட்டிப்போக அனுமதி கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வெள்ளி

பயங்கள்: சத்தம். விளக்கு. கழிப்பறை. மூளையில் இன்னொரு அடைப்பு. தெரிந்த சனம். ப. என்னைப் பார்த்து, யாரிவர் என்று மதுராவைப் பார்ப்பது.

சின்ன மண்டபம். பியர் மணம், நீளச் சப்பாத்துகள். ப.வின் சக்கர நாற்காலி வரிசைக் கரையில். இடப்பக்கம் நான். மதுரா மேடையிலிருந்து: "அடுத்த பாட்டுக்குரிய இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். கையைக் காட்டினால் வீட்டில் ஏச்சு விழும்." சனம் சிரித்தது.

பாடினாள். முதல் பல்லவி மட்டும் தாங்கினேன். இரண்டாவதில் மண்டபமே சேர்ந்து "இஞ்சாருங்கோ" என்றது, கோணல் உச்சரிப்பில். எனக்கு அழுகை. அடக்க முடியவில்லை, சத்தமாகவே வந்துவிட்டது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

தொடையில் சுரீர் என்றது.

ப. நுள்ளுகிறாள். மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடக்கையால் சதையைப் பிடித்து, திருகி. கலியாண வீடுகளில் நான் குறட்டை விட்டால் விழுகிற அதே நுள்ளு. வேறு எந்த ஆம்பிளையையும் இவள் நுள்ளமாட்டாள்.

அழுகையை அடக்கினேன். சரியாக அடக்கவில்லை போலும். இன்னொன்று விழுந்தது.